எடுத்தனூர் நாயும் லக்கி லூக்கும்

தீபத் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு இந்த வருஷமும் போய்வந்தேன். வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய ஓய்வூதியக்காரனுக்கு மாடு எதற்கு? தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதையும், வாயைப் பிளந்து பல் பார்ப்பதையும், சுழி பார்த்து முகம் சுளிப்பதையும் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் எனக்குப் போதும். 'ரெண்டு பல்லு', 'நாலு பல்லு', 'கடை சேர்ந்துபோச்சு' என்று காதில் விழும் பேச்சைக் கேட்பதில் ஒரு சுகம்.

குதிரைகள் கட்டியிருந்த பக்கம் ஓர் இளைஞர் கௌபாய் தொப்பி மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். நாலடி தள்ளி, தலையில் முண்டாசும் கையில் தார்க்குச்சியுமாக ஒரு பெரியவர் தம் ஜோடிக் காளைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். படத்தில் அவர் விழுந்துவிடாதபடி இளைஞர் கொஞ்சம் நகர்ந்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கௌபாய் என்றால் மாட்டுக்காரன்தானே? அங்கே இருந்த இரண்டு பேரில் உண்மையான கௌபாய் அந்தப் பெரியவர்.

ஆனால் அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் அந்தத் தொப்பியில் மயங்கியவன்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன சித்திரக்கதைப் புத்தகங்கள் எங்கள் வகுப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் எனக்குப் பிடித்தவன் லக்கி லூக். பெல்ஜியக்காரரான மோரிஸ் 1946இல் உருவாக்கிய கௌபாய். பிறகு கோசினி கதை எழுத, மோரிஸ் படம் வரைந்தார். கோசினி எழுதிய முதல் கதையின் பெயர் 'தே ராய் சூர் லா ப்ரெரி'. 'புல்வெளியில் தண்டவாளம்' என்று தமிழில் சொல்லலாம். 1957இல் புத்தகமாக வந்தது. சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1967இல், அதே இருவர் 'தே பார்பலே சூர் லா ப்ரெரி' என்று ஒன்று வெளியிட்டார்கள். 'புல்வெளியில் முள்கம்பி'.

இந்த இரண்டு தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்தால் அமெரிக்க மாட்டுக்காரர்களின் வரலாறு அதிலேயே அடங்கிவிடுகிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. தண்டவாளம் அவர்களுக்குப் பிழைப்பைக் கொடுத்தது, முள்கம்பி அதைப் பறித்துக்கொண்டது.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1865இல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தபோது, டெக்சஸ் மாநிலத்தில் நீண்ட கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் கேட்பாரற்றுத் திரிந்தன. அங்கே ஒரு மாடு 4 டாலர் போனால் வடக்கு, கிழக்கு நகரங்களில் 40 டாலர் வரை போகும். ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி 1867இல் கான்சாஸ் மாநிலத்தில் ரயில்பாதை ஓரத்தில் இருந்த அபிலீன் என்ற சிற்றூரில் பெரிய பட்டிகளைக் கட்டி, 'இதுவரை மாட்டை ஓட்டி வாருங்கள், இங்கிருந்து ரயிலில் ஏற்றிவிடலாம்' என்றார். அதன்பிறகுதான் இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகளைப் பத்துப் பன்னிரண்டு பேர் மாதக்கணக்கில் ஓட்டிச் செல்லும் அந்தப் பெரும்பயணங்கள் வளர்ந்தன. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல். சம்பளம் மாதம் 30, 40 டாலர். சினிமாவில் எல்லாரும் வெள்ளைக்காரர்களாக இருப்பார்கள். நிஜத்தில் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள். லாசோ, ராஞ்ச், ரோடியோ எல்லாமே ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தவை.

1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில வருஷங்களில் திறந்தவெளி துண்டு துண்டானது. 1886–87இல் வந்த கொடும் பனிக்காலம் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதற்குள் ரயில் பாதைகள் டெக்சஸுக்குள்ளேயே வந்துவிட்டதால் மாட்டை நடத்திப் போகவும் வேலை இல்லை. மொத்தமே இருபது, இருபத்தைந்து வருஷக் கதை. அதை வைத்துக்கொண்டு உலகம் நூறு வருஷமாகப் படம் எடுக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். நம்முடையது இருபத்தைந்து வருஷக் கதை அல்ல.

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் வழியில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் தென்பெண்ணைக்குச் சரியும் மேட்டு நிலம். நெல் விளையும் ஏரிப் பாசனம் அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும். மற்றதெல்லாம் கல்லும் முள்ளும் புல்லும். மாட்டுக்கென்றே அமைந்த பூமி. பழைய காலத்தில் இங்கே செல்வம் என்றால் மாடுதான். 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. நெல்லைத் திருடினால் சுமந்துகொண்டு போகவேண்டும். மாடு தானே நடந்து வரும். அதனால் எல்லையில் எப்போதும் களவு, எப்போதும் சண்டை. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி, அதை மீட்பது கரந்தை என்று தொல்காப்பியம் போரையே மாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்டார்கள். அந்தக் கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகளையும் தொல்காப்பியம் சொல்கிறது. அந்தக் கற்கள் இன்றைக்கும் செங்கம் வட்டாரத்து வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமி அவர்கள் பொறுப்பில் இருந்தபோது, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற புத்தகத்தை வெளியிட்டது. அதன்பிறகுதான் இந்த வட்டாரத்தின் பெயர் ஆராய்ச்சியாளர்களிடையே பெரிதாக அடிபடத் தொடங்கியது. பெரும்பாலும் வட்டெழுத்து. இந்த ராஜாவின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னார் சேவகன் இன்னான், தொறுவை மீட்கும்போது பட்டான் என்று இரண்டு மூன்று வரியில் விஷயம் முடிந்துவிடும். 'தொறு' என்றால் மாட்டு மந்தை. இன்று வழக்கொழிந்துபோன சொல்.

இந்தக் கற்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. பொற்றொக்கையார் என்பவரின் சேவகன் கருந்தேவகத்தி, தன் எருமைகளைக் காக்கும்போது உயிரை விட்டான். காளை கூட இல்லை, பசு இல்லை, எருமை! அவனோடு ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் கோவிவன். அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் எழுதி, அதன் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

லக்கி லூக் கதைகளில் ரன்டன்பிளான் என்று ஒரு சிறைக்காவல் நாய் வரும். உலகத்திலேயே மக்கு நாய் என்று அதற்குப் பட்டம். திருடனைப் பார்த்தால் வாலாட்டும். சின்ன வயதில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அந்த நாயின் பெயர் எனக்குப் பன்னிரண்டு வயதில் தெரியும். நான் பிழைப்புக்கு வந்து குடியேறிய மண்ணில், ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு கள்வர்களைக் கடித்த நாயின் பெயர் தெரிய எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நடுகல் காலம் போன பிறகும் இந்தப் பூமியில் மாட்டின் மதிப்புக் குறையவில்லை. மைசூர்ப் பக்கத்திலிருந்து கீழே கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் படைகளுக்குச் செங்கம் கணவாய்தான் வாசல். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் மோதினார்கள். பீரங்கியை இழுத்ததும் அரிசி மூட்டையைச் சுமந்ததும் எருதுகள்தாம். ஹைதரும் திப்புவும் படைக்கென்றே மாடு வளர்த்த அம்ருத் மகால் இன்றும் ஒரு மாட்டினத்தின் பெயராக நிலைத்திருக்கிறது.

பிறகு தண்டவாளம் வந்தது.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மனிதர்களோடு மாடுகளும் மடிந்தன. வண்டி இழுக்க எருது இல்லாததால், ரயிலில் வந்து இறங்கிய தானியத்தை உள்ளூர்களுக்குக் கொண்டுபோக முடியாமல் திண்டாடினார்கள். 1880இல் பஞ்சக் கமிஷன் இன்னும் ரயில்பாதை போடவேண்டும் என்றது. அதற்கு முன்னதாகவே 1879 டிசம்பரில் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரரின் ஊரிலிருந்து ஆங்கிலேயரின் பாதைக்கு ஓர் இணைப்பு. 1890களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி வழியாக வடக்கே பாகாலா, தர்மாவரம் வரை மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். தீபத்துக்கு மாட்டுவண்டி கட்டி வந்த ஜனங்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள்.

அந்த ரயில் பாதைகளில் வெளியூர் போனது பக்தி மட்டுமல்ல, மல்லாட்டையும்தான். வெளியூர் வாசகர்களுக்கு: வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். மணிலாக்கொட்டை என்பதுதான் தேய்ந்து மல்லாட்டை ஆனது. அப்போது திருவண்ணாமலை வட்டம் இருந்த தென்னாற்காடு மாவட்டத்தில் மல்லாட்டைச் சாகுபடி பெரிதாகப் பரவியது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆட்டினார்கள், சோப்புக் காய்ச்சினார்கள். பள்ளியில் 'அராஷித்' என்ற சொல்லை நாங்கள் பாடத்தில் படித்தோம். அது அம்மா வறுத்துக்கொடுக்கும் மல்லாட்டைதான் என்று தெரிந்தபோது ஏமாற்றமாக இருந்தது.

கான்சாஸில் புல்வெளியைக் கோதுமை தின்றது என்றால், இங்கே மேட்டுப் புன்செய்த் தரிசை மல்லாட்டை தின்றது. ஆனால் ஒரு வித்தியாசம். மல்லாட்டைக்கொடி மாட்டுக்கு நல்ல தீவனம். மேய்ச்சலைப் பறித்த பயிரே கொஞ்சம் திருப்பியும் கொடுத்தது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. அமெரிக்காவில் ரயில் ஏறிய மாடு இறைச்சிக்குப் போனது. இங்கே ரயில் மாட்டை ஒழிக்கவில்லை. மூட்டையை ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வண்டி வேண்டும், வண்டிக்கு எருது வேண்டும். மந்தை மந்தையாக இருந்த செல்வம் ஜோடி ஜோடியாக மாறியது. தொறு போய் ஏர்மாடும் வண்டிமாடும் வந்தன. அந்த ஜோடிகளுக்கான சந்தைதான் எங்கள் தீபச் சந்தை. பிறகு டிராக்டர் வந்து அந்த ஜோடியையும் பிரித்தது என்பது வேறு விஷயம்.

சரி, முள்கம்பி? அதுவும் வந்தது. ஆனால் நம் ஊரில் முள்கம்பி கம்பியாக வரவில்லை, காகிதமாக வந்தது.

1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம். அடுத்தவன் பயிரில் வாய்வைத்த மாட்டைப் பவுண்டில் அடைத்துவிடுவார்கள். அபராதம் கட்டி மீட்கவேண்டும். தொறு மீட்க உயிரைக் கொடுத்த ஊரில் பவுண்டிலிருந்து மாட்டை மீட்கக் காசைக் கொடுத்தார்கள். 1882இல் சென்னை வனச் சட்டம். ஜவ்வாது மலைச்சரிவு முதல் எத்தனையோ காடுகள் காப்புக்காடுகளாயின. மேய்க்கச் சீட்டு வாங்கவேண்டும், கட்டணம் கட்டவேண்டும். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மாடு மேய்ப்பதற்குத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் போன்றவற்றுக்கு மட்டும் என்று குறைத்தது. காட்டைக் காப்பாற்றவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காடு மூடினால் மாடு ஊருக்குள் மேயவேண்டும். ஊருக்குள் அதற்கென்று ஒதுக்கியிருந்தது மேய்ச்சல் புறம்போக்கு. அதைப் பற்றித்தான் நான் ஒன்று சொல்லியாகவேண்டும்.

எழுபதுகளின் கடைசி. ஒரு வட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு கிராமத்து மேய்ச்சல் புறம்போக்கை வீட்டுமனைகளாகப் பிரித்து, நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று கோப்பு வந்தது. நல்ல காரியம். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. அ1 நோட்டீஸ் ஒட்டி, தண்டோரா போட்டு, ஆட்சேபணை உண்டா என்று கேட்கவேண்டும். கேட்டார்கள். ஒன்றும் வரவில்லை. கர்ணத்தின் அறிக்கையில், 'மேற்படி நிலம் தற்போது மேய்ச்சலுக்குப் பயன்படவில்லை' என்று ஒரு வரி இருந்தது. நான் அதை அப்படியே என் குறிப்பில் எடுத்தெழுதினேன். போய்ப் பார்க்கவில்லை. சைக்கிளில் போனால் ஒரு மணி நேரம். கோப்பு ஏறியது, கையெழுத்தாகி இறங்கியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரியவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கோடையில் புல் கருகியதும் ஊர் மாடுகளை எல்லாம் மலையடிவாரத்துக்கு ஓட்டிப்போய், ஆடியில் மழை கண்ட பிறகு திரும்புவது அவர்கள் வழக்கம். தண்டோரா போட்ட நாளில் ஊரில் மாடும் இல்லை, மாட்டுக்காரனும் இல்லை. மேய்ச்சல் நிலம் வெறுமையாகத்தான் கிடந்தது. கர்ணம் கண்டது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை.

கெடு முடிந்துவிட்டது, அந்தச் சமயத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும் என்றேன்.

"நாங்க மலையிலே இருந்தோம் ஐயா. மாடு கையெழுத்துப் போடாதுங்களே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மனுவாக எழுதித் தராததால் அவர் வந்துபோனதற்குக் கோப்பில் தடயம் கிடையாது.

மனைகளில் வீடுகள் வந்தன. நாற்பது குடும்பமாவது கூரை கண்டிருக்கும். அந்தப் பக்கம் போகும்போது மாடி வீடுகளையும், வாசலில் நிற்கும் இருசக்கர வாகனங்களையும் பார்த்து மனசார சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதே கிராமத்தில் வேறு இடம் இருந்ததா, மாட்டுக்கு மாற்று நிலம் ஒதுக்கியிருக்கலாமா என்றெல்லாம் கேட்டு ஒரு வரி எழுத எனக்கு அதிகாரம் இருந்தது. எழுதவில்லை. அந்த ஊரில் இன்று மந்தை இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கிராமப் பொதுநிலங்களைக் காப்பாற்றவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எடுத்தனூர்க் கல்லைப் பற்றி முதலில் படித்தபோதும் எனக்கு இந்தக் கோப்புதான் நினைவுக்கு வந்தது. எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் கண்ணுக்கு அந்தக் கல் ஒரு நல்ல கோப்பு. தேதி இருக்கிறது: ராஜாவின் ஆட்சியாண்டு. எஜமானர் பெயர், இறந்தவன் பெயர், நிகழ்ச்சி, காரணம் எல்லாம் இருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரியாத நாயைக்கூட விட்டுவிடாமல், அதன் பெயரையும் செயலையும் சேர்த்திருக்கிறான். எழுதியவன் யாரோ, அவனும் என்னைப்போல ஒரு குமாஸ்தாதான். என்னிடம் தட்டச்சு இயந்திரம் இருந்தது, பதிவேடு இருந்தது, ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. அவனிடம் உளியும் கல்லும். அவன் கோப்பில் நாய் இருக்கிறது. என் கோப்பில் மனிதன் இல்லை.

செங்கம் பக்கம் இந்த நடுகற்கள் பலவற்றை ஜனங்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து, மாட்டுக்கு நோய் வந்தால் வேண்டிக்கொள்கிறார்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் விஷயம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடைசியாக, பழைய பழக்கத்தில் ஓர் அலுவலகக் குறிப்பு. உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு என்று எந்தெந்தப் புல எண்கள் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். புல எண் தெரிந்தால் அரசு இணையதளத்திலும் அ-பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். பிறகு ஒரு நாள் நடந்துபோய் அந்த இடத்தையும் பாருங்கள். கோடையில் போகவேண்டாம். ஆடி கழிந்து, மாடு மலையிறங்கி வந்த பிறகு போங்கள்.